தேக்காவைக் கட்டுகிற பிள்ளைகளுக்கு



மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் நீங்கள் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவைக் கட்டிக்கொண்டிருக்கும் சேதி, உங்களில் ஒருத்தியான என் அக்கா மகள் மூலம் எனக்கு வந்தது. ஒரு பிளாக் ஒரு மீட்டர். தேக்கா நிலையத்தில் தொடங்கி, சிராங்கூன் சாலை நெடுகப் போய், ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயம் வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். கெர்பாவ் ரோட்டில் 1900ஆம் ஆண்டு கட்டப்பட்ட டான் டெங் நியா வீட்டுக்கு நீங்கள் அடித்திருக்கும் வண்ணங்களைப் பார்த்தேன். விளையாட்டில் இருப்பதே பதினாறு சாயம். அந்த வீட்டுக்கு அது போதவில்லை என்று உங்களுக்குள் நடந்த சண்டையும் காதில் விழுந்தது. ஐந்தடி நடைபாதைத் தூண்களை யாரோ பொறுமையாக எண்ணி வைத்திருக்கிறீர்கள். வீரமாகாளியம்மன் கோபுரத்துச் சிலைகளை என்ன செய்வது என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை போலிருக்கிறது.

நான் எழுத வந்தது கட்டடங்களைப் பற்றி அல்ல. சந்தை வாசலில் ஒரு சுவர் முழுக்க மானிட்டர் அடுக்கி, மீதமிருக்கும் வேலைகளை அதில் ஓடவிட்டிருக்கிறீர்களே, அந்தப் பலகையைப் பற்றி. மற்ற எதையும்விட அதன் முன்தான் நான் அதிக நேரம் நின்றேன். இருபது பேர் சேர்ந்து ஓர் ஊரைக் கட்டும்போது, யார் எதைத் தொட்டார்கள், எது பாதியில் நிற்கிறது என்பதை எல்லாரும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அது பெரியவர்களின் அலுவலகங்களிலேயே பல வருடம் கழித்துத்தான் தோன்றும்.

பலகையில் இருந்த வரிகளைப் படித்தேன். பாதி வரிகள் ஆங்கிலம். மீதிப் பாதி, 'கோபுரம் இன்னும் முடியல', 'பூக்கடைக்குக் கூரை போடணும்' என்ற நல்ல தமிழ்தான். ஆனால் ஆங்கில எழுத்தில். ஏன் என்று அக்கா மகளைக் கேட்டேன். "மானிட்டர்ல தமிழ் வராது மாமா, கேள்விக்குறிதான் வரும்," என்றாள்.

வராதுதான். வரவைக்கலாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

இதைப் படிக்கும் உங்கள் அப்பா அம்மாக்களுக்காக ஒரு வார்த்தை. மைன்கிராஃப்டுக்கு 'கம்ப்யூட்டர்கிராஃப்ட்' என்று ஓர் இணைப்பு உண்டு. பிள்ளைகள் 'மாட்' என்பார்கள். டேனியல் ராட்கிளிஃப் என்பவர் 2011 கடைசியில் வெளியிட்டார், பிறகு 2017இல் அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்துவிட்டார். இப்போது இவர்கள் ஓட்டுவது அதன் வழிவந்த 'சிசி ட்வீக்ட்'. ஏழு கல், ஒரு ரெட்ஸ்டோன், ஒரு கண்ணாடித் தகடு சேர்த்தால் விளையாட்டுக்குள்ளேயே ஒரு கணினி கிடைக்கும். பொம்மைக் கணினி இல்லை. உட்கார்ந்து நிரல் எழுதலாம். மொழி லுவா. 1993இல் பிரேசிலில், ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் உருவாக்கியது. வெளிநாட்டுக் கணினிப் பொருள்களுக்கு அந்த நாடு நெடுங்காலம் கதவடைத்து வைத்திருந்ததால், வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டிருந்தது. அந்தப் பழக்கத்தில் பிறந்த மொழியில்தான் இன்று பாதி உலகத்தின் விளையாட்டுகள் பேசுகின்றன. ஆகவே பிள்ளை மேசையில் உட்கார்ந்திருந்தால், 'கேம் விளையாடுது' என்று அவசரப்பட்டுக் கூப்பிட்டுவிடாதீர்கள். தொடக்கநிலையில் பள்ளி தருகிற பத்து மணி நேர நிரலாக்க வகுப்புக்கு மேலான ஒன்று அங்கே நடந்துகொண்டிருக்கலாம்.

இனி உங்களிடம்.

அந்தக் கேள்விக்குறி எங்கிருந்து வருகிறது? கம்ப்யூட்டர்கிராஃப்டின் திரைக்குத் தெரிந்த வடிவங்கள் மொத்தம் 256. ஆங்கில எழுத்து, எண்கள், ஐரோப்பிய எழுத்துகள் சில, கொஞ்சம் குறிகள். தமிழுக்கு அதில் இடமில்லை. நீங்கள் விசைப்பலகையில் 'அ' என்று தட்டினால் கணினி அதை வாங்குவதற்கு முன்பே கேள்விக்குறி ஆக்கிவிடும். ஒரு கோப்பில் எழுதிக் கொண்டுபோய்ப் பைட்டு பைட்டாகப் படித்துத் திரையில் கொட்டினால் வேறொரு வேடிக்கை நடக்கும். தமிழின் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8 குறிமுறையில் மூன்று பைட்டு. முதல் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டில் ஒன்று. அதனால் திரையில் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', அடுத்து பெரும்பாலும் வட்டத்துக்குள் 'ஆர்', அடுத்து ஏதோ ஒரு கிறுக்கல் என்று மூன்று மூன்றாக வரிசை கட்டும். 2000ஆம் ஆண்டுகளில் தமிழில் மின்னஞ்சல் அனுப்பியவர்களிடம் அந்த வரிசையைக் காட்டுங்கள், சிரிப்பார்கள். எங்களுக்கு அது பழைய எதிரி.

மைன்கிராஃப்ட் தன் பட்டியலில் தமிழை ஒரு மொழியாக வைத்திருக்கிறது, உண்மை. ஆனால் ஜாவா பதிப்பில் ஒரு பலகை நட்டு 'கொடி' என்று எழுதிப் பாருங்கள். கொம்பும் காலும் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்காது. எழுத்து இருக்கிறது, கூட்டத் தெரியவில்லை. ஆக, அங்கே ஓடிப்போவதும் தீர்வில்லை.

தீர்வு உங்கள் மானிட்டருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அந்த 256 வடிவங்களில் 128 முதல் 159 வரை முப்பத்திரண்டு வடிவங்கள் எழுத்துகளே அல்ல, கட்டங்கள். ஓர் எழுத்துக்கான இடத்தை அகலத்தில் இரண்டாகவும் உயரத்தில் மூன்றாகவும் பிரித்த ஆறு சிறு சதுரங்கள். ஐந்து சதுரங்களை அணைத்து எரிக்க முப்பத்திரண்டு வகை. ஆறாவது சதுரம் எரிய வேண்டுமானால் மற்ற ஐந்தையும் தலைகீழாக்கி, முன்நிறத்தையும் பின்நிறத்தையும் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் தந்திரம். எழுத்துக்கான இடம் ஆறு புள்ளி அகலம், ஒன்பது புள்ளி உயரம் என்பதால் ஒவ்வொரு சதுரமும் நல்ல சதுரமாகவே அமையும், கோணலாகாது.

கணக்கைப் பாருங்கள். மானிட்டரை எட்டுக்கு ஆறு பிளாக் வரைக்கும் பெரிதாக்கலாம். எழுத்தளவை 0.5க்கு இறக்கினால் 164 பத்தி, 81 வரிசை. சதுரங்களாக எண்ணினால் 328க்கு 243. பள்ளியில் உங்களுக்குக் கொடுத்த மைக்ரோபிட் சிறுகணினியில் 25 விளக்கு. அதில் 'அ' நிற்காது. இங்கே எண்பதாயிரம் சதுரத்துக்கு ஏறத்தாழ முந்நூறு குறைவு. ஒரு தமிழ் எழுத்துக்குப் பன்னிரண்டு சதுர உயரம் ஒதுக்குங்கள். மேலே இரண்டு புள்ளிக்கு, நடுவில் ஏழு உடலுக்கு, கீழே மூன்று 'து', 'கூ' போன்றவற்றின் வாலுக்கு. பன்னிரண்டு சதுரம் என்றால் நான்கு வரிசை, இடைவெளிக்கு ஒன்று. 81ஐ ஐந்தால் வகுத்தால் பதினாறு வரி. ஒரு வரிக்கு இருபது, இருபத்தைந்து எழுத்து வரும். வேலைப்பட்டியலுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

பதினாறு போதாது, உருட்டிப் பார்க்க வசதி வேண்டும் என்று உங்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார். வேண்டாம். திரைக்குக் கீழே மறைந்த வேலை மறந்த வேலை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பட்டியல் நானூறு வரிக்கு மேல் போயிற்று. அதற்குப் பிறகு அதைத் திறந்து பார்த்தவர் யாரும் இல்லை. பதினேழாவது வேலை வரும்போது 'முதல் பதினாறில் எதைக் கழிப்பது' என்று நீங்கள் கூடிப் பேசுவீர்கள் அல்லவா, அந்தப் பேச்சுக்காகத்தான் பலகையே.

இப்போது எழுத்துகளை வரைகிற வேலை. இருநூற்று நாற்பத்தேழு என்று பாடத்தில் படித்த எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உயிரில் 'ஔ' தவிரப் பதினொன்று. 'ஔ'வுக்கு 'ஒ'வும் 'ள'வும் போதும். ஃ ஒன்று. மெய் பதினெட்டு, 'ஜ', 'ஷ', 'ஸ', 'ஹ' நான்கு, 'ஸ்ரீ' ஒன்று (கோயில் இருக்கும்வரை அதைத் தள்ள முடியாது). கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, புள்ளி. இகர ஈகாரத்துக்குச் சுழி இரண்டு. 'டி', 'டீ' மட்டும் தனியாக. மிச்சம் உகர ஊகாரம், அதுதான் முரடு. 'கு' ஒரு மாதிரி, 'டு' ஒரு மாதிரி, 'மு' ஒரு மாதிரி. ஆனால் 'சு', 'பு', 'யு', 'வு' நான்குக்கும் ஒரே கீழிறக்கம். 'ணு', 'து', 'நு', 'லு', 'று', 'னு' ஆறுக்கும் ஒரே வளைவு. இப்படி உறவு பார்த்துச் சேர்த்தால் முப்பத்தாறு என்பது சட்டென்று இளைத்துவிடும். எல்லாம் கூட்டினால் எண்பது படங்களைத் தாண்டாது.

உங்கள் தாத்தா காலத்தில் இதைச் செய்திருந்தால் இன்னும் சில கூடியிருக்கும். 'ணா', 'றா', 'னா' எல்லாம் சுருண்டு கிடந்தன. 'லை', 'னை' யானைத் துதிக்கை மாதிரி ஒரு கொம்பு போட்டுக்கொண்டிருந்தன. பெரியார் 1935இல் தம் 'குடி அரசு' இதழில் அவற்றை நேராக்கி அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு 1978இல் ஆணையாகவே போட்டது. அச்சுக் கோப்பவருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் வேலையைக் குறைக்க வந்த சீர்திருத்தம் இப்போது ஒரு விளையாட்டுக்குள் உங்களுக்கும் வேலையைக் குறைக்கிறது.

வரைந்தாயிற்று என்றால் கூட்ட வேண்டும். இங்கேதான் லுவா உங்களைச் சோதிக்கும். 'தேக்கா' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள், பதினெட்டு என்று சொல்லும். பைட்டை எண்ணுகிறது. மூன்றால் வகுத்தால் ஆறு குறியீடு. உங்கள் கண்ணுக்கோ மூன்றே எழுத்து. ஒரு வரி நிரம்பியதும் அடுத்த வரிக்கு உடைக்க வேண்டுமென்றால் அந்த மூன்றைத்தான் எண்ண வேண்டும். பைட்டை எண்ணி உடைத்தீர்களோ, 'க' ஒரு வரியிலும் அதன் புள்ளி அடுத்த வரியிலும் போய் விழும். அதற்கான விதி சிறியது. மெய்யையோ உயிரையோ பார்த்தால் புது எழுத்து தொடங்குகிறது. புள்ளியையோ உயிர்க்குறியையோ பார்த்தால் முந்தைய எழுத்தோடு சேர்த்துக்கொள். பிறகு வரிசை. யுனிகோடில் 'தே' என்பது 'த'வுக்குப் பிறகு கொம்பு. நாம் எழுதுவது கொம்புக்குப் பிறகு 'த'. 'கொ' இன்னும் ஒரு படி மேலே, ஒரே குறியீடு இரண்டாகப் பிளந்து மெய்க்கு இருபுறமும் நிற்க வேண்டும். இதற்கு ஒரு சின்ன அட்டவணை போட்டால் போதும். ஒரு மாலை வேலை.

இதை அலட்சியமாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2017 தேசிய தின அணிவகுப்பின் விளம்பரத் தாள்களில் தமிழ் வரி படிக்க முடியாதபடி அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது உங்களுக்கு நினைவிருக்காது. அப்போது நீங்கள் பாலர் பள்ளியில் இருந்திருப்பீர்கள். மாண்டரினிலும் மலாயிலும் அந்தக் கவலை இல்லை. எழுத்தைக் கூட்டத் தெரியாத மென்பொருளில் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் ஓடும், ஒட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது கண்ணிலும் படாது. நாம் கோபப்பட்டோம், பத்திரிகைக்கு எழுதினோம். கொம்பு ஏன் ஓடுகிறது என்று நிரலாகவே எழுதிப் பார்த்த ஒரு பிள்ளைக்கு அந்தக் கோபத்தோடு தீர்வும் கையில் இருக்கும். எனக்கு அதுதான் பெரிய ஆசை.

இந்த ஊரில் இந்த வேலையைத் தொடங்குகிற முதல் ஆட்கள் நீங்கள் அல்ல. நா. கோவிந்தசாமி என்ற பெயரைத் தமிழாசிரியர் சொல்லியிருக்கலாம், சிறுகதை எழுதியவர் என்று. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். கதை எழுதிக்கொண்டே கணினிக்குத் தமிழ் கற்பித்தவர் அவர். 'கணியன்' என்று தமிழ் எழுத்துரு செய்தார். 1995 அக்டோபரில், இணையம் என்றால் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாத காலத்தில், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் இணையத்தில் ஏற்றும் ஒரு திட்டத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் அவருடைய குழுவினரும் பின்னாலிருந்த அந்த முயற்சியில், தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவர் கோவிந்தசாமி. உலகில் தமிழ் எழுத்து இணையத்தில் தெரிந்த மிக முந்தைய பக்கங்களில் அதுவும் ஒன்று. அன்றைக்கு உலாவிக்குத் தமிழ் தெரியாது, இன்றைக்கு உங்கள் மானிட்டருக்குத் தெரியாதது போலவே.

1997 மே மாதம் இங்கேயே அவர் தமிழிணைய மாநாட்டைக் கூட்டினார். அன்றைய தலைவலி வேறு. ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கோர் எண் வரிசை. சென்னையில் ஒருவர் தட்டிய கடிதம், அதே எழுத்துரு இல்லாவிட்டால் கோலாலம்பூரில் குப்பையாகத்தான் திறக்கும். ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே வரிசைக்கு வர வேண்டும் என்ற பேச்சு அந்த மாநாட்டில் சூடு பிடித்தது. 2000இல் மறுபடி சிங்கப்பூரில் கூடியபோது தமிழ்க் கணிமைக்கான உத்தமம் என்ற அமைப்பு பிறந்தது. அதைப் பார்க்கக் கோவிந்தசாமி இல்லை. 1999இல் ஐம்பத்து மூன்று வயதில் போய்விட்டார்.

"நம்ம சர்வர்ல எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும், அப்புறம் எதுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம், தமிழ் 2.5. இந்த எண்ணைக் காட்டி உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பெரியவர்கள் எப்போதும் தயார். எனக்கு அதில் விருப்பமில்லை. நீங்கள் தமிழைச் சந்திக்கும் இடங்களை எண்ணிப் பார்த்தேன். தாய்மொழித் தேர்வு. ஏப்ரலில் தமிழ்மொழி விழா மேடை, அங்கே மனப்பாடம் செய்த பேச்சு. தீபாவளி வாழ்த்து. எல்லாமே இஸ்திரி போட்ட தமிழ். 'கதவு மாட்டணும்', 'இதை யார் உடைச்சது', 'நாளைக்குள்ள முடி' என்று தமிழ் உங்களுக்காக வேலை பார்க்கும் இடம் ஒன்றுகூட இல்லை. யாரும் மதிப்பெண் போடாத, யாரும் கைதட்டாத ஒரு வேலைப்பட்டியல் அதற்குப் பொருத்தமான இடம் என்று எனக்குப் படுகிறது.

அதனாலேயே ஒரு வேண்டுகோள். பலகையில் 'சாளரங்களைப் பொருத்துதல்' என்றெல்லாம் எழுத வேண்டாம். 'ஜன்னல் வைக்கணும்' என்று எழுதுங்கள். 2005இலேயே நம் கல்வி அமைச்சின் மறுஆய்வுக் குழு வகுப்பில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கச் சொல்லிவிட்டது. மானிட்டர் சுவர் அதைவிடக் கறாராக இருக்கத் தேவையில்லை. இடமும் மிச்சமாகும்.

தமிழை உள்ளே தட்டுவது எப்படி? நேராகத் தட்ட முடியாது, சொன்னேன். இரண்டு வழி. கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ தமிழில் எழுதிய கோப்பை விளையாட்டுக் கணினிமேல் இழுத்துப் போடலாம். படிக்கும்போது பைட்டு முறையில் திறக்க மறக்காதீர்கள். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. இப்போது நீங்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? அதையே நிரலுக்குக் கொடுத்து அது தமிழாக்கிக் காட்டட்டும். ஆங்கில 'கே', 'ஏ' விசைகளைத் தட்டினால் 'க'. அக்கரை மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு அஞ்சல், பிற்பாடு இந்த ஒலி வழித் தட்டலைத்தான் வீட்டுக்கு வீடு பரப்பியது. உங்களுக்கு வேண்டியது அதில் ஒரு துணுக்கு. குறிலுக்கும் நெடிலுக்கும், மூன்று நகர ணகர னகரத்துக்கும் எந்த விசை என்று ஒரு தாளில் எழுதி முடிவு செய்யுங்கள். சண்டை வரும், வரட்டும். ல, ள, ழ மூன்றிலும் தடுமாறுகிறவர் யார் என்பதும் அப்போது வெளிப்படும்.

பட்டியலின் உள்கட்டு சின்னது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று விஷயம்: என்ன, யார், முடிந்ததா. லுவா அட்டவணையில் வைத்து, மாறும்போதெல்லாம் கோப்பில் எழுதிவிடுங்கள். நீங்கள் எல்லாரும் வெளியேறி அந்தப் பகுதி நினைவிலிருந்து இறங்கினால் கணினி அணைந்துவிடும், கோப்பில் இல்லாதது போய்விடும். ஸ்டார்ட்டப் கோப்பில் நிரலை வைத்தால் மறுபடி யாராவது பக்கத்தில் வந்ததும் தானாக எழும். திரை துடிப்பதாக அக்கா மகள் குறைப்பட்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் எழுதினால் துடிக்கத்தான் செய்யும். முழுப் பக்கத்தையும் மறைவில் ஒரு விண்டோவில் வரைந்து ஒரே அடியில் காட்டுங்கள். எண்பதாயிரம் சதுரத்தையும் ஒரே மூச்சில் கணக்கிட முயன்றால், இடையில் ஓய்வு விடவில்லை என்று கணினி நிரலைக் கொன்றுவிடும். மாறிய வரியை மட்டும் வரைவது புத்திசாலித்தனம்.

தங்கம் போட்டுச் செய்த உயர்வகை மானிட்டர்தானே உங்களுடையது? அதைத் தொடலாம். தொட்ட இடத்தின் வரிசை எண்ணை ஐந்தால் வகுத்தால் எந்த வேலை என்று தெரியும், முடிந்ததாகக் குறித்துவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொட்டது யார் என்று மானிட்டர் சொல்லாது. எந்தப் பக்கம், எந்தப் பத்தி, எந்த வரிசை, அவ்வளவே. கட்டாத கோபுரத்தைக் கட்டியதாகக் குறித்துவிட்டு ஒருவர் ஓடிவிட முடியும். இதைத் தடுக்க ஆளுக்கொரு பாக்கெட் கணினி கொடுத்து, அதிலிருந்து கம்பியில்லாமல் சேதி அனுப்ப வைக்கலாம் என்று உங்களில் பெரியவன் ஒருவன் திட்டம் வைத்திருப்பதாகக் கேள்வி. சாதாரண மோடம் அறுபத்து நான்கு பிளாக் தூரம்தான் தாங்கும், பெருமாள் கோயிலிலிருந்து தேக்காவுக்கு எட்டாது. எண்டர் மோடம் போட்டால் எட்டும். எட்டினாலும், இன்னொருவர் பெயரில் சேதி அனுப்புவது அந்த வலையில் சுலபம் என்பதையும் அவன் இந்நேரம் கண்டுபிடித்திருப்பான். என் யோசனை: பூட்டுப் போடாதீர்கள். முடிந்த வேலையை உடனே அழிக்காமல், சாம்பல் நிறத்தில் அந்த வார இறுதிவரை விட்டுவையுங்கள். சந்தேகம் உள்ளவர் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரட்டும். ஒரு கிலோமீட்டர்தானே.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. மானிட்டருக்கும் பதினாறு நிறம், சாயங்களின் அதே பதினாறு. ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் நிற்கும் என்பதால் ஓர் எழுத்துக்குள் வண்ணம் கலக்க ஆசைப்படாதீர்கள். கறுப்பில் வெள்ளை, முடிந்ததற்குச் சாம்பல், அவசரத்துக்கு மஞ்சள். வீட்டுக்கு அடித்த வானவில்லைப் பலகைக்கும் அடிக்க வேண்டாம்.

அக்கா மகள் இந்த மடலைப் பாதி படித்துவிட்டு, "இதெல்லாம் நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன் மாமா" என்றாள். மாட்டேன். நான் எழுதினால் அது என் நிரல், நீங்கள் ஒட்டிக்கொள்வீர்கள், ஒரு நாள் உடையும், யாருக்கும் திறந்து பார்க்கத் தெரியாது. வரைவதில் மட்டும் பங்கு எடுத்துக்கொள்கிறேன். உகர ஊகாரம் முழுவதும் என் பொறுப்பு. 'ஙு', 'ஙூ', 'ஞூ' தவிர, அவற்றை நீங்கள் எந்த வேலைக்கும் எழுதப்போவதில்லை. உயிர் பதினொன்றையும் உயர்நிலை ஒன்றுக்காரர்கள் எடுங்கள். மெய்யைப் பெண்கள் அணி கேட்டதாகத் தெரிகிறது, விட்டுக்கொடுங்கள். 'இ'யை யார் எடுத்தாலும் பன்னிரண்டு உயரத்துக்குள் அதன் சுழிகளை அடக்கக் கஷ்டப்படுவார், அகலத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். எல்லா எழுத்தும் ஒரே அகலமாக இருக்க வேண்டும் என்று யாராவது சட்டம் போட்டால் 'ர'வையும் 'ணை'யையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கட்டத்தாளில் பென்சிலால் போட்டுவிட்டுப் பிறகு கணினிக்குப் போவது வேகம். தேக்கா நிலையத்துப் பக்கத்துப் புத்தகக் கடைகளில் சதுரக் கணக்கு நோட்டு கிடைக்கும். டிசம்பர் விடுமுறை தொடங்குவதற்குள் எல்லாருடைய தாளும் வந்துவிட்டால் பலகை மாறிவிடும். அதில் ஏற வேண்டிய முதல் வரியை நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள்: கோபுரம் இன்னும் முடியல.

அன்புடன்,
உங்களில் ஒருத்தியின் மாமா